வழக்கமான இளைப்பு

2 ஆகஸ்ட் 2058

நேற்று இங்கே 'அம்மாவுக்கு வழக்கமான இளைப்பு' என்று எழுதியிருந்தேன். அது தவறு. அம்மாவின் மணிக்கட்டில் கட்டியிருக்கும், பழைய நோய்களைப் பதிந்து வைத்திருக்கும் நோய்ப்பட்டை சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அம்மா சொன்னதை எழுதவில்லை.

"இது பஞ்சாலையில வந்த எளப்பு இல்ல கண்ணு. அது மெல்ல வரும். இது திடீர்னு நெஞ்சுக்குள்ள கதவ அடச்ச மாதிரி இருக்குது," என்றார். அவருடைய இடது கெண்டைக்காலும் வீங்கியிருந்தது.

இன்று மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் அறை வாசலில் இருந்த கருவி பட்டையைப் படித்தது. "நாள்பட்ட நுரையீரல் நோய். வழக்கமான இளைப்பு. வீட்டுக்குச் செல்லலாம்." கதவு திறக்கவில்லை.

"பட்டை சொன்னா நாங்க என்னங்க பண்றது?" என்றார் நர்ஸ்.

"மூச்சு முட்டுறது எனக்கு. முடிவு சொல்றது இதுவா?" என்றார் அம்மா.

அம்மா பட்டையைக் கழற்றி என் டிபன் டப்பாவில் போட்டு மூடினார். மறுபடியும் வாசலில் போய் நின்றார்.

"புதியவர். காரணம் தெரியாத மூச்சுத்திணறல்," என்றது கருவி. கதவு உடனே திறந்தது.

நாங்கள் செய்தது ஏமாற்றா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதே ஸ்கேன் முடிவு வந்தது. இரண்டு நுரையீரலிலும் ரத்தக்கட்டிகள்.

"முன்னாடியே நுரையீரல் நோய் ஏதும் உண்டாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"இருக்குதுங்க. கட்டியக் கண்டுபுடிச்சிட்டீங்கல்ல, இனி எல்லாம் சொல்றேன்."

ஊசி போட்டு அம்மாவைப் படுக்கவைத்திருக்கிறார்கள். பட்டையைத் திரும்பக் கட்டிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை.

எதிர்வீட்டு மரகதம் அக்காவுக்கும் இப்படித்தான் மூச்சு முட்டுகிறது. அவரையும் நேற்று பட்டையைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளை காலை முதல் வேலையாக அவரை அழைத்துப்போக வேண்டும், பட்டை இல்லாமல்.