யார் வழி

டாக்டரின் விரல்கள் அவளுடைய இடது மார்பில் ஓரிடத்தில் நின்றன.

நகர்ந்து போய், திரும்ப அங்கேயே வந்தன.

அவள் மேலே பார்த்தாள். மின்விசிறி இறக்கையில் கறுப்பாக ஒட்டடை.

வெளியே இருக்கச் சொல்லியும் அத்தை போகவில்லை. அவளுக்கு மாமியார், அதற்கும் முன்பே, அப்பாவின் கூடப்பிறந்தவள். ஒயர்க்கூடையை மார்போடு அணைத்தபடி காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

காலிக் கூடை. பேருந்தில்கூட அதைக் கீழே வைக்கவில்லை.

"எப்பம்மா வயசுக்கு வந்த?"

"அஞ்சாவது படிக்கையிலயே உக்காந்துட்டா," என்றாள் அத்தை. "அதுல மட்டும் அவசரம்."

"குழந்தைங்க?"

"புழு பூச்சிகூடத் தங்கல."

டாக்டர் அடுத்த கேள்வியைப் பாதியில் விழுங்கினார். அத்தை விடவில்லை.

"பால் குடுத்தாளான்னுதானே? மலட்டு மாட்டுக்கிட்ட கேக்குற கேள்வியா அது?"

"இதெல்லாம் யார் தப்பும் இல்லம்மா. கட்டி வர்ற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்."

வீட்டில் அவளுடைய பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. அத்தை தன் மகனுக்கு வேறு பெண்ணும் பார்த்தாகிவிட்டது. அவள் அம்மா வழி நோய் என்று டாக்டர் வாயிலிருந்து ஒரு சொல் விழ வேண்டும். அதற்குத்தான் அத்தை வந்திருந்தாள்.

"குடும்பத்துல யாருக்காச்சும் இப்படிக் கட்டி, புண்ணு?"

"எங்க வம்சத்துல மருந்துக்கும் கிடையாது. இவ ஆத்தா சொந்தமில்ல, அசல்ல வந்தவ. என்னத்தக் கொண்டாந்தாளோ."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ரவிக்கைக் கொக்கிகளை மாட்டினாள். அவசரப்படவில்லை.

அப்பத்தா கடைசியாகக் கிடந்த அறை அவள் நினைவில் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியும் அடங்காத நாற்றம். சூட்டுக் கட்டி என்று ஊருக்குச் சொன்னார்கள். சீழ்த் துணிகளை யாரும் எழுமுன் கிணற்றடியில் அலசியது அத்தைதான்.

"எங்க அப்பத்தாவுக்கு இருந்துச்சு டாக்டர். மாருல புண்ணு வெடிச்சுத்தான் செத்தாங்க."

"ஏய்!" என்றாள் அத்தை.

"அப்பா வழியும் சேத்திதான்," என்றார் டாக்டர். "அப்பாவைப் பெத்தவங்களா?"

"ஆமா."

அவள் அத்தையைப் பார்த்தாள்.

"இவங்களையும்."

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார்.

"நீங்களும் ஏறிப் படுங்கம்மா. பாத்துருவோம்."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"இருந்தா?"

"ஒண்ணுமில்லேங்கிறேன்ல!"

அவள் கட்டிலிலிருந்து இறங்கி இடம் விட்டாள். கையை நீட்டினாள்.

"கூடையைக் குடுங்க அத்தே."

அத்தை கொடுக்கவில்லை.

அவள் பிடித்து இழுத்தாள். கூடையின் விளிம்பு மார்பில் உரசியதும் அத்தை பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.