நாலு விரல் இறக்கம்

"இன்னைக்கும் சீட்டு நாலு விரல் இறங்கியிருக்கு. நட்டை முறுக்கினீங்களா, இல்ல தடவிக் குடுத்தீங்களா?"

நெட்டையன் சைக்கிளை மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தினான். ஆறடி ஆள். தாழ்ந்த சீட்டில் மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்துச் சிவந்திருந்தன.

அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். காலை ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். இந்த வாரத்தில் மூன்று நாள் பிந்திவிட்டான். இன்னொரு நாள் பிந்தினால் உன் இடத்துக்கு வேறு தோள் வரும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"பதினாறு வருசமா முறுக்குற கைடா இது. யானை உக்காந்தாலும் இறங்காது" என்றார் மெக்கானிக்.

"யானை உக்காரலண்ணே. நான்தான் உக்காருறேன். இறங்குதே."

மெக்கானிக் நட்டைத் தளர்த்திச் சீட்டுக் கம்பியை உருவினார். துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். துணியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது சைக்கிள் எண்ணெய் இல்லையே. மருந்து வாடை அடிக்குது."

"மாமியாரோட மூட்டுத் தைலம். பையில வாங்கிட்டுப் போனப்ப ஒழுகியிருக்கும். நாலு மாசமா கட்டில்தான். பாத்ரூம் போகக்கூட என் பொண்டாட்டி கையைப் பிடிக்கணும். வாரம் ஒரு பாட்டில் கரையுது, வலிதான் கரைய மாட்டேங்குது."

"அதான் வழுக்குது" என்றார் மெக்கானிக். பழி தன் தலையிலிருந்து இறங்கிய நிம்மதி அவருக்கு.

மண்ணெண்ணெய் விட்டுக் கம்பியைக் கழுவினார். குச்சியில் துணி சுற்றி ஃப்ரேம் குழாயின் உள்ளே குடைந்தார். துருவைத் தேய்த்தெடுத்து, ஈரம் போகத் துடைத்தார். நெட்டையனை ஏறி உட்காரச் சொன்னார்.

"குதிகாலைப் பெடல்ல வை. கால் நேரா நீளுதா? அதான் உன் உசரம்."

அந்த உயரத்தில் கம்பியின்மேல் அரத்தால் ஒரு கோடு கிழித்தார். கழுத்து நரம்பு புடைக்க நட்டை முறுக்கினார். "இனி இறங்கினா கடையை மூடிட்டு உன்கூட மூட்டை தூக்க வர்றேன்."

மறுநாள் மத்தியானம் நெட்டையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"வாங்கண்ணே, மூட்டை தூக்கலாம்."

"இறங்கிருச்சா?"

"அதே நாலு விரல். இதை மிதிச்சா ஆகாதுன்னு இன்னைக்கு ஓடியே போனேன். கேட்டு மூடுறப்ப உள்ள போய் விழுந்தேன்."

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அரத்தால் கிழித்த கோட்டைக் காணவில்லை; குழாய்க்குள் போயிருந்தது. ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகினார். அசையவில்லை.

"டேய், தானா இறங்கியிருந்தா நட்டு லூசா இருக்கணும். இது நான் முறுக்கினதைவிட இறுக்கமா இருக்கு. எவனோ வேணும்னே இறக்கி முறுக்கியிருக்கான். நீ எப்பத் தூங்குவ?"

"ரெண்டு மணிக்குச் சாஞ்சா இருட்டுற வரைக்கும் பொணம்தான். வண்டி வாசல்ல நிக்கும். ஸ்பேனரும் ஜன்னல்லதான் கிடக்கும்."

அன்று இருட்டினதும் மெக்கானிக்கே அவன் வீட்டுக்கு வந்தார். பதினாறு வருசப் பேராச்சே. தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள் நெட்டையனின் மனைவி. உள்ளே கட்டிலில், இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்து மாமியார் முனகிக்கொண்டிருந்தார்.

"நீ எடுத்தியா?" என்று மனைவியைக் கேட்டான் நெட்டையன்.

"நான் உங்களைவிட ரெண்டு விரல் உசரம். நான் ஓட்டினா சீட்டை ஏத்தணும்."

மெக்கானிக் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப பக்கத்து வீட்டுக் குள்ளன்தான். பல் குச்சிகூட ஓசி கேக்குற பய" என்றான் நெட்டையன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "சண்டையெல்லாம் வேணாம்ணே. நாளைக்கே பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீட்டைக் குழாயோட வெல்டு வச்சிருங்க."

"வெல்டு வச்சா ஆயுசுக்கும் ஏத்த இறக்க முடியாதுடா. கம்பி ஒடிஞ்சா ஃப்ரேமே போச்சு."

"போகட்டும். என் வேலை போறதுக்கு ஃப்ரேம் போனாப் பரவாயில்ல. எவன் வந்து இறக்குறான்னு பாத்துருவோம்."

உள்ளே முனகல் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது.

சுவரையும் பிடிக்காமல், மகள் கையையும் தேடாமல், விறுவிறுவென்று நடந்து வந்து வாசலில் நின்றார் மாமியார்.

"வெல்டு மட்டும் வேணாம் மாப்ள. எனக்குக் கால் எட்டாது."