நடுவில் இருந்த வரி

எதைப் படித்தாலும் கண்ணில் மாட்டிய கண்ணாடியே சுருக்கிச் சொல்லிவிடும் காலம் அது, கண்ணுகளா. கேள்வி கேட்டுக்கொண்டே முழுசாகப் படிக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புக்கு வருடமெல்லாம் சொல்லிக்கொடுத்தார் தமயந்தி டீச்சர். அன்று வலசைப் பறவைகளைப் பற்றித் தானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். அதன் நடுவில் ஒரு வரி: ‘இன்றோடு நான் இந்தப் பள்ளியை விட்டுப் போகிறேன். இதைப் படித்தவர்கள் என்னிடம் வாருங்கள்.’

படித்துவிட்டு என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னதும், ஒரே நிமிடத்தில் நாற்பது கைகளும் உயர்ந்தன.

“குளிர் வந்தா பறவைங்க கிளம்பிடும் மிஸ்!”

சரியான பதில்தான். எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டார். மணி அடித்ததும் வாசலில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“என்ன மிஸ், வழிய மறிக்கிறீங்க?” என்று சிரித்தாள் பூவிழி. “வீட்டுப்பாடம் குடுக்க மறந்துட்டீங்களா?”

“ஆமாம்மா.”

“பரவால்ல மிஸ், நாளைக்குக் குடுங்க!” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.