நாலுக்கு நாலு

இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. உப்பளத்தில் சீனியம்மாளோடு பேச வேண்டுமென்றால் கூடவே உப்புப் பெட்டி சுமக்க வேண்டும். ஒன்பது நடை சுமந்திருந்தேன். கங்காணியைக் கிண்டலடித்து அவள் கட்டிய பாட்டில் நாலு வரி என் நாவலில் வருகிறது. அவள் எழுத்தில் அனுமதி தராவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுவதாகப் பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"பாட்டக் கேட்டுக் கங்காணியே சிரிச்சான். ஒம்ம ஆளுகளுக்கு என்ன பயம், அண்ணாச்சி?"

"கையெழுத்து மட்டும் போட்ரு தாயி."

"போடுதேன். ஆனா இங்க ஒருத்தி வரிய எடுத்தா, பதிலுக்குச் சொந்த வரி குடுக்கணும். நாலுக்கு நாலு. இப்பமே பாடும்."

பெண்கள் பெட்டிகளை இறக்கிவைத்துச் சூழ்ந்துகொண்டார்கள். கங்காணியின் தொப்பையைப் பற்றி மூன்று வரி பாடினேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"முந்நூறு பக்கம் எழுதுன ஆளுக்கு மூணு வரியில மூச்சு முட்டுது பாருங்கடீ!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்தபோது என் வரிகளைத்தான் பாடிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்கள்.

சீனியம்மாள் உப்புக் கையோடு கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

அவளுக்கு நான் இன்னும் ஒரு வரி தர வேண்டும்.