சட்டசபையில் இரண்டு நிமிடம்

"அந்தம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லுடா. நம்ம விஷயம் பெருசு" என்றான் காளீஸ்வரன், என் காதுக்குள்.

1983, ஆடி மாசம். எம்.எல்.ஏ. வீட்டு வேப்பமரத்தடியில் நாங்கள் பதினோரு பேர் நின்றிருந்தோம். எல்லாருமே அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கிறவர்கள். இலங்கையில் தமிழர்களை வீட்டோடு கொளுத்துகிறார்கள் என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து எங்களில் ஒருத்தனுக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் அதைப் பேசியே ஆகணும். அதற்குத்தான் மனு.

மனுவை எழுதினவன் நான். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் நிறைந்த கண்மாய் மாதிரி ஒன்று தெரியும். அதில் இலங்கையிலிருந்து தப்பி வருகிற ஒரு படகு, படகு நிறையப் பிள்ளை குட்டிகள். பஸ்ஸில் வரும்போதுகூட அந்தப் படகு ஜன்னலுக்கு வெளியே, கரிசக்காட்டு மேலேயே மிதந்துகொண்டு வந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த அந்தம்மா பெயர் வெள்ளைத்தாய். பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கையில் ஒரு மனு, பக்கத்தில் ஒரு சர்பத் பாட்டில் நிறையத் தண்ணீர்.

கோஷம் போட்டுத் தொண்டை காய்ந்த காளீஸ்வரன், கேட்காமல் கொள்ளாமல் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்துவிட்டான்.

"தூ! என்னக்கா இது, இப்படிக் கரிக்குது!"

"அடப் பாவி மக்கா! சாட்சியைக் குடிச்சுப்புட்டியேடா! எங்க ஊருக் கெணத்துத் தண்ணியப்பா அது. ஐயாவை ஒரு வாய் குடிச்சுப் பாருங்கன்னு சொல்லக் கொண்டாந்தேன்."

சிரித்துவிட்டோம். அந்தம்மாவும் சேர்ந்து சிரித்தது.

"போர்வெல் கேட்டு மூணு வருசமா நடக்கேன். நல்ல தண்ணிக்கு எம் மக ரெண்டு மைலு சுமக்கா. இந்தத் தடவை சபையில பேசுறேன்னு ஐயா வாக்குக் கொடுத்திருக்காக."

எம்.எல்.ஏ. வெளியே வந்தார். அந்தம்மாவின் மனுவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நியாயந்தான் தம்பிகளா. ஆனா எனக்குக் கிடைச்சிருக்கது ரெண்டே நிமிசம். ஒரு விஷயந்தான் பேச முடியும். அது இந்தம்மாவுக்குன்னு சொல்லிட்டேன். அவுக விட்டுக்கொடுத்தா உங்களுதைப் பேசுறேன். நீங்களே கேட்டுக்கங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போய்விட்டார்.

காளீஸ்வரன் மேடையில் பேசுகிற மாதிரி கால் மணி நேரம் பேசினான். அந்தம்மா அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏந்தம்பி, உனக்குச் சொந்தபந்தம் யாரும் அங்க இருக்காகளா?"

"யாருமில்லக்கா."

"யாருமில்லாமயா இப்படிக் கண்ணு கலங்குது?"

அந்தப் படகைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தம்மா கண்ணும் எங்கேயோ போய்விட்டது. வேப்பம்பழம் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது.

"கடல்ல அம்புட்டுத் தண்ணியா கிடக்கும்?"

"கிடக்கும்க்கா. ஆனா வாயில வைக்க முடியாது. ஒரே உப்பு."

"அப்ப படகுல வாற பிள்ளைக தவிச்ச வாய்க்கு என்ன செய்யும்?"

ஆறு பக்கம் மனு எழுதினவன், அதை மட்டும் யோசிக்கவே இல்லை.

"முடிவாச் சொல்லுங்கக்கா. விட்டுத் தருவீகளா, மாட்டீகளா?" என்றான் காளீஸ்வரன்.

"அதெப்படிப்பா முடியும்? ஊரே என்னைய நம்பி இருக்கு."

அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டோம்.

"பாத்தியாடா? தன் குடம் நிறைஞ்சாப் போதும். உலகத்துல எவன் செத்தா இவுகளுக்கென்ன?" பஸ்ஸில் பொரிந்து தள்ளினான் காளீஸ்வரன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆமாம் போட்டேன்.

சபை கூடியது. மறுநாள் பேப்பரில் பார்த்தால், எங்கள் எம்.எல்.ஏ. இரண்டு நிமிடமும் இலங்கையைப் பற்றியே பேசியிருந்தார்! படகில் வருகிற பிள்ளைகளுக்குக் கரையிலேயே பாலும் தண்ணீரும் வைத்துக் காத்திருக்கணும் என்று கேட்டிருந்தார். காலேஜில் ஒரே ஆட்டம். காரச்சேவு வாங்கி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தோம்.

"நாம போட்ட கோஷத்துல மனுசன் மிரண்டுட்டாருடா" என்று காளீஸ்வரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அவர் ஊர் திரும்பியதும் பெரிய ரோஜா மாலையோடு போனோம். அவர் கழுத்தை நீட்டவில்லை.

"இதைக் கொண்டுபோய் வெள்ளைத்தாய்க்குப் போடுங்க. ஊரே அந்தம்மாவை வையுதாம், மனுவைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறயேன்னு."

"தொலைச்சிட்டாங்களா?"

"எங்கே தொலைச்சது? நீங்க போன பிறகு ரொம்ப நேரம் மரத்தடியிலயே உக்காந்திருந்துச்சு. அப்புறம் உள்ளே வந்து, மனுவை என் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கிருச்சு. 'தவிச்ச வாயோட நடக்கிறது எங்களுக்குப் பழகிப்போச்சு சாமி. அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமிருக்காது, முதல்ல அதுகளுக்குப் பேசுங்க. ஊருக்கு நான் ஏதாச்சும் பொய் சொல்லிக்கிறேன்'னுச்சு."