மூணாவது மாடிப் போன்

“பத்து விநாடின்னு சொன்னீங்களே தம்பி. பத்து நிமிஷம் கழிச்சு வருது. இதுக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தா முன்னாடி வந்திருக்கும்.”

அடித்தளத்துத் தையல் கூடத்தில், மெஷினை நிறுத்திவிட்டுக் கொழுந்தனிடம் பொரிந்தாள் அவள்.

அதே கட்டடத்தின் நாலாவது மாடி வீட்டில் மாமனார் தனியாக. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. படுக்கையோரம் ஒரு பட்டன். அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. அதனால் மாடிக்கு ஒரு போனாக ஜன்னலில் வைத்து, ஒன்று அடுத்ததற்குக் கைமாற்றி, அவர் அழைப்பை இவளிடம் சேர்க்கும்படி செய்து கொடுத்தது கொழுந்தன்தான்.

“பத்து விநாடிக்கு நான் கேரண்டி அண்ணி. ஆனா எந்தப் போனும் இடத்தை விட்டு நகரக்கூடாது. இங்க பாருங்க.” லேப்டாப்பைத் திருப்பினான். “செய்தி வந்ததுமே மூணாவது மாடிப் போன் ஜன்னலை விட்டுப் போயிடுது. அது திரும்பி வந்தப்புறம்தான் செய்தி கீழே இறங்குது.”

“அந்த அக்காவா? ஜன்னல்லயே வைங்கன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். ‘சரிம்மா, சரிம்மா’ன்னு தலையாட்டறதோட சரி.”

“இன்னொரு தடவை சொல்லிப் பாருங்களேன்.”

“சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. ஏதோ என் நல்ல நேரம், நான் மூச்சிரைக்க ஏறிப் போறப்பல்லாம் மாமா தலையணையில சாஞ்சு சமத்தா உக்காந்திருக்கார். எல்லா நாளும் அப்படியே இருக்குமா? இது சரியாகலைன்னா நாளையோட வேலைக்கு ஒரு முழுக்குதான்.”

“நீங்க மேல போய்ப் பட்டனை அமுக்குங்க. உங்க போனை வெச்சுக்கிட்டு நான் இங்க நேரம் பாக்கறேன்.”

“பாருங்க. இன்னிக்கு அந்த அக்காவைக் கையும் களவுமாப் பிடிச்சு, நாலு கேள்வி கேக்காம விடப்போறதில்லை.”

விறுவிறுவென்று படியேறினாள். படுத்திருந்த மாமனாரின் தலைமாட்டில் நின்று பட்டனை அமுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு படாரென்று திறந்தது.

மூணாவது மாடி அக்கா. பாதி பின்னிய சடை, ஒற்றைக் காலில் செருப்பு, கையில் அந்தப் போன்.

“வந்துட்டேன் பெரியவரே. போன் சத்தம் போட்டப்ப அடுப்புல பால், அதான் கொஞ்சம் லேட்டு...”

இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமனார் மட்டும், தினப்படி பழக்கத்தில், தூக்கி உட்கார வைக்கும்படி, நன்றாக இருக்கும் கையை அக்காவிடம் நீட்டினார்.