பின்னால் வரும் நாய்

தேவசகாயம் காலையில் வாக்கிங் போனால் அந்த நாயும் பின்னாலேயே நடந்தது. ஓடினால் ஓடியது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. நடந்த நாட்களில் அவர் கொஞ்சம் இளைத்தார். நாய் கொஞ்சம் கொழுத்தது. பயந்து ஓடிய நாட்களில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நாயின் வயிறு தரையைத் தொட்டது. போகாமல் படுத்துவிட்டால் வந்து கேட்டைப் பிறாண்டியது. “நடக்கிறதைவிட ஓடுறதுலதாங்க கலோரி நல்லா எரியுது. கன்னமெல்லாம் ஒட்டி, கல்யாணத்துல பாத்த மாதிரியே ஆயிட்டீங்க” என்றாள் மனைவி ரெஜினா, புது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே. “இன்னைக்கு நானும் வரேன்.” வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கதவைத் திறந்தாள். கேட்டுக்கு வெளியே, கொழுத்த நாயின் பக்கத்தில், எலும்பும் தோலுமாக இன்னொன்று காத்துக்கொண்டிருந்தது.